மாஸ்டர் ஜப்பானைப் பார்த்த நாள்

தாராளமா அனுப்பலாம் தம்பி. அப்பாவுக்கு எழுபத்தி ரெண்டு, அம்மாவுக்கு அறுபத்தாறு, அதெல்லாம் ஒரு வயசே இல்ல. எங்ககூட எண்பத்தொண்ணு வந்து மலைக்கோயில் படியெல்லாம் ஏறி எறங்கிப் போயிருக்காரு.

பையில தொங்குற அட்டையப் பாத்துட்டுத்தான ஜப்பான் டூரான்னு கேட்டீங்க. அதே கம்பெனிதான். ஆனா நான் சுத்திப் பாக்கப் போறவன் இல்ல, கூடப் போற சமையல்காரன். பேரு முத்துக்கருப்பன், ஊரு நத்தம். அங்க யாருக்கும் என் பேரு தெரியாது, மாஸ்டர்னுதான் கூப்பிடுவாங்க. இது அஞ்சாவது தடவ. திண்டுக்கல் வந்து இந்த ரயிலப் புடிச்சா மத்தியானம் மெட்ராசு. நாளைக்கு விடியக்காலம் விமானம்.

சாப்பாட்டப் பத்தி நீங்க கவலையே பட வேணாம். பூரா நம்ம ஆளுங்கதான். கோயமுத்தூரு, ஈரோடு, மெட்ராசு, முக்காவாசிப் பேரு ரிட்டயர் ஆனவங்க. எல்லாம் சைவம். அதுல ஏழெட்டுப் பேரு வெங்காயம் பூண்டுகூடத் தொட மாட்டாங்க. அரிசி, பருப்பு, பொடி, குக்கரு, கரண்டு அடுப்பு எல்லாத்தையும் நான் மூட்ட கட்டித் தூக்கிட்டுப் போயிருவேன். ஓட்டல்ல பின்பக்கம் ஒரு மூலைய ஒதுக்கிக் குடுப்பான். தாளிக்கும்போது மட்டும் சூதானமா இருக்கணும். மொத தடவ போனப்ப கடுகு வெடிச்ச பொகைக்கு மேல இருந்த மணி அடிச்சு, ஓட்டல்ல இருந்த சனமெல்லாம் துண்டக் கட்டிக்கிட்டு ரோட்டுக்கு வந்துருச்சு. இப்ப அதெல்லாம் பழகிப்போச்சு.

மேனேஜரு கோதண்டராமன் சார். அவருகிட்ட விட்டுட்டா நீங்க நிம்மதியா இருக்கலாம். யாருக்கு மாத்திர எத்தன மணிக்கு, யாருக்கு முட்டி வலி, யாருக்கு ஜன்னலோரம் வேணும், எல்லாம் மனப்பாடமா வச்சிருப்பாரு. எப்பேர்ப்பட்ட மனுசன்னு நீங்க தெரிஞ்சுக்கணும்னா போன அக்டோபர்ல நடந்தத சொல்லணும்.

அன்னைக்கு டூர்ல ஆறாவது நாளு. அஞ்சு நாளா ஓட்டம் ஓட்டம்னு ஓடுனவங்களுக்கு ஒரு நாளு ஓய்வா கிராமத்துப் பக்கம் கூட்டிட்டுப் போறது. அட்டவணையிலயே ‘நிதானமான ஒரு நாள்’னு அச்சடிச்சிருப்பாங்க. அன்னைக்குத்தான் என் வீட்டுக்காரி எறந்து போனா. செல்வராணி. காலைல அஞ்சரைக்கு சார் நம்பருக்குப் போன் வந்திருக்கு. எனக்கு அங்க போன் வேலை செய்யாது, வீட்ல எதுன்னாலும் சார் நம்பருக்குத்தான் அடிப்பாங்க. எனக்குச் சாயந்திரம் ஏழு மணிக்குச் சொன்னாரு.

இல்ல இல்ல, நீங்க அப்படிப் பாக்காதீங்க. பரவால்ல. ஏழு மாசம் ஆச்சு.

அஞ்சரைக்கு நான் என்ன செஞ்சுக்கிட்டு இருந்தேன்னா, மத்தியானத்துக்குப் புளியோதரை கிளறிக்கிட்டிருந்தேன். முப்பத்தி நாலு பேருக்கும் டப்பா கட்டணும். சார் சமையக்கட்டு வாசல்ல வந்து நின்னாரு. போனு கையில இருந்துச்சு. என்ன சார் காப்பியான்னு கேட்டேன். ஆமா மாஸ்டர், காப்பின்னாரு. குடுத்தேன். குடிச்சிட்டுப் போயிட்டாரு. நான் அவரு எடத்துல இருந்தாலும் என்ன செஞ்சிருப்பேன்னு நெனச்சுப் பாத்திருக்கேன். முப்பத்தி நாலு பேருக்கு இன்னும் மூணு நாளு சோறு போடணும். அங்க நடுக்காட்டுல வெங்காயம் பூண்டு இல்லாத சாப்பாட்டுக்கு எங்க போவாரு?

எட்டு மணிக்கு பஸ்ஸு கெளம்புச்சு. எனக்கு எப்பவும் கடைசி வரிசைதான், பக்கத்துல குக்கரும் தண்ணி கேனும். ஒன்றரை மணி நேரம் போனதும் ஒரு எடத்துல நிறுத்தி, பஸ்ஸுக்கு அடிவயித்துல இருக்குற கதவத் தெறந்து நான் காப்பி பிளாஸ்க்க எடுத்துக்கிட்டிருந்தேன். யாரும் எறங்கவே இல்ல. கண்ணாடி வழியாப் பாத்தா, சார் மைக்க கீழ வைக்காம முன்னாடி நின்னு பேசிக்கிட்டிருக்காரு. எல்லாரும் அசையாம கேட்டுக்கிட்டிருக்காங்க. யாரோ எந்திரிச்சுப் பேசுனாங்க, இன்னொருத்தரு கையக் காட்டி உக்காரச் சொன்னாரு. நாளைக்குப் போற கோயிலப் பத்தின்னு நெனச்சேன். பிளாஸ்க்க வரிசையா வச்சுட்டு, கப்ப அடுக்கிட்டு நின்னேன். காப்பி ஆறிப்போச்சு.

அதுக்கப்பறம் எறங்குனாங்க பாருங்க, ஒவ்வொருத்தரும் என்கிட்ட வந்து ஒரு வார்த்த பேசிட்டுப் போறாங்க. மாஸ்டர் நீங்க குடிச்சீங்களா, மாஸ்டர் குளுருதா, ஸ்வெட்டரு இருக்கான்னு. அதுல டீச்சரம்மா ஒருத்தங்க, பொள்ளாச்சி, லோகநாயகின்னு பேரு, ஹெட்மிஸ்ட்ரஸா இருந்தவங்க. அஞ்சு நாளா தினமும் உப்பு கூட, உப்பு கம்மின்னு எதாவது ஒண்ணு சொல்லுவாங்க. அவங்க வந்து என் கையில இருந்த கப்ப வாங்கி, அவங்களே காப்பிய ஊத்தி எனக்குக் குடுத்தாங்க. ஆறிப்போன காப்பிதான். குடிச்சேன்.

அடுத்தது ரயிலு. ஒத்தப் பெட்டி ரயிலு தம்பி, நம்ம ஊரு பஸ்ஸுக்குத் தண்டவாளம் போட்ட மாதிரி. ஆத்தோரமா வளஞ்சு வளஞ்சு போகும். அவங்கள ஏத்திவிட்டுட்டு நானும் டிரைவரும் பஸ்ல போயி அடுத்த ஸ்டேசன்ல நிக்கிறதுதான் வழக்கம். அதுக்கு முன்ன மூணு தடவையும் அப்படித்தான். ஜப்பான்னா எனக்கு ஓட்டலு பின்வாசலும் பஸ்ஸு நிறுத்துற எடமுந்தான். அன்னைக்கு சார் என் தோளத் தொட்டு, மாஸ்டர் நீங்களும் ரயில்ல வாங்கன்னாரு. சாமான யாரு பாக்குறதுன்னேன். அதெல்லாம் கெடக்கட்டும்னாரு. ஜன்னலோரத்துல ஒரு எடத்த விட்டு வச்சிருந்தாங்க. நாச்சிமுத்து ஐயான்னு ஒருத்தரு, ஈரோட்டுல மில்லு வச்சிருந்தவரு, எந்திரிச்சு எனக்கு வழி விட்டாரு. எனக்கு ஒரே கூச்சம். கையெல்லாம் புளி வாசன.

ஆனா நல்லா இருந்துச்சு தம்பி. பொய் சொல்லக் கூடாது. அறுவட முடிஞ்ச நேரம். கதிர அறுத்து, கம்பு கட்டி, துணி காயப்போட்ட மாதிரி வரிசையாத் தொங்கவிட்டிருந்தான். வயலுக்கு நடுவுல ஒரு மரம், அதுல எலையே இல்ல, ஆரஞ்சு கலருல பழம் மட்டும் நெறைய. பறிக்க ஆளில்ல. வீடெல்லாம் பெருசு பெருசா இருக்கு, கதவு சாத்திக் கெடக்கு. ஒரு ஸ்டேசன்ல நின்னுச்சு, ஏறவும் ஆளில்ல, எறங்கவும் ஆளில்ல. ஆனாலும் அந்த டிரைவரு வெளிய கையக் காட்டி, ஏதோ சொல்லிட்டு, அப்பறந்தான் எடுத்தாப்ல. நான் அதையெல்லாம் வச்ச கண்ணு வாங்காம பாத்தேன். ஊருக்குப் போனதும் செல்வராணிகிட்ட சொல்லணும்னு ஒவ்வொண்ணா மனசுல வச்சுக்கிட்டே வந்தேன்.

மத்தியானம் ஆத்தங்கரையில ஒரு கொட்டகையில சாப்பாடு. டப்பாவப் பிரிச்சுக் குடுத்தேன். புளியோதரை, தயிர்சாதம், பொரிச்ச அப்பளம். நாச்சிமுத்து ஐயா நாலு வாய் சாப்பிட்டுட்டு, மாஸ்டர் புளிக்காய்ச்சல் அருமையா இருக்கு, கை ராசிக்காரருய்யா நீங்கன்னாரு. மத்தவங்க பேர நான் எடுத்துக்குறது இல்ல தம்பி. அதனால சொன்னேன், “நான் செஞ்சது இல்லைங்கய்யா. சோறு கிளறுனதுதான் நானு. காய்ச்சலு என் வீட்டுக்காரி கையால செஞ்சது. ஒவ்வொரு டூருக்கும் மூணு கிலோ போட்டுக் குடுத்துருவா.”

அப்படியே எல்லாரும் நிப்பாட்டிட்டாங்க. கையில எடுத்த சோறு கையிலயே நிக்குது. டீச்சரம்மா டப்பாவ மூடி மடியில வச்சுக்கிட்டாங்க. ஒரு அம்மா எந்திரிச்சு ஆத்தப் பாத்துத் திரும்பி நின்னுக்கிட்டாங்க. எனக்கு ஒண்ணும் ஓடல. காரமா இருக்கோ, முடி கிடி கெடந்துச்சோன்னு பயந்துட்டேன். என்னங்கய்யா நல்லா இல்லையான்னு கேட்டேன். நல்லா இருக்கு மாஸ்டர்னு சொல்லிட்டு நாச்சிமுத்து ஐயா மிச்சத்தையும் சாப்பிட்டாரு. ஒரு பருக்க விடல. அவரு சாப்பிட ஆரம்பிச்சதும் மத்தவங்களும் சாப்பிட்டாங்க. மிச்சமே இல்லாம டப்பா திரும்பி வந்தது அன்னைக்கு ஒரு நாளுதான்.

டிரைவருன்னு சொன்னேன்ல, பஸ்ஸு டிரைவரு, ஜப்பான்காரரு, அறுவது வயசிருக்கும். வெள்ளக் கையுறை, தொப்பி. நாலு தடவையும் அவருதான் வந்தாரு. நம்ம சாப்பாடு தொட மாட்டாரு, தனியா உக்காந்து அவரு டப்பாவச் சாப்பிடுவாரு. கூட வந்த கைடு பொண்ணு அவருகிட்ட ஏதோ சொல்லுச்சு. கொஞ்ச நேரங்கழிச்சு என் முன்னாடி வந்து நின்னாரு. தொப்பியக் கழட்டுனாரு. கையுறையக் கழட்டுனாரு. இடுப்பு வரைக்கும் குனிஞ்சாரு தம்பி, குனிஞ்சவரு நிமிரவே இல்ல. ரெண்டு மூணு வார்த்த சொன்னாரு. எனக்கு அவங்க பாஷையில நன்றிங்கற ஒரு வார்த்ததான் தெரியும், அது இல்ல அவரு சொன்னது. சாப்பாடு கேக்குறாருன்னு நெனச்சு, ஒரு டப்பா தயிர்சாதத்த எடுத்து, மேல ரெண்டு ஊறுகா வச்சு நீட்டுனேன். ரெண்டு கையாலயும் வாங்கிக்கிட்டாரு. பஸ்ஸுல ஏறி, ஸ்டீரிங்குக்குப் பின்னாடி உக்காந்து, அத சாப்பிட்டாரு. கண்ணுல தண்ணி. நம்ம ஊறுகா காரம் அவங்களுக்குத் தாங்காது.

ரெண்டு ரெண்டரைக்கு ஒரு சின்ன ஸ்டேசன். அங்க பிளாட்பாரத்துலயே ஒரு தொட்டி கட்டி, பூமிக்கு அடியில இருந்து வர்ற வெந்நிய விட்டிருக்கான். பேண்ட மடிச்சுக்கிட்டு, காலத் தொங்கப்போட்டு உக்காந்துக்கணும். நான் துண்ட எடுத்துக் குடுத்துக்கிட்டு நின்னேன். டீச்சரம்மா என் கையில இருந்த துண்டெல்லாம் வாங்கி வச்சுட்டு, “உக்காருங்க மாஸ்டர். இன்னைக்கு நீங்க உக்காருங்க” அப்படின்னாங்க. உக்காந்தேன். முப்பது வருசமா அடுப்புகிட்டயே நின்ன காலு. அந்தச் சூடு பாதத்துல ஏறுது பாருங்க, எனக்குக் கண்ணு சொருகிருச்சு. யாரோ ஐஸ்கிரீம் வாங்கிட்டு வந்து கையில குடுத்தாங்க. எதுத்தாப்புல ஒரு ஜப்பான்காரப் பாப்பா, மூணு வயசு இருக்கும், என் மீசையவே பாத்துக்கிட்டு, தன் மேலுதட்டுல ஐஸ்கிரீமத் தடவி மீச வச்சுக்கிருச்சு. எனக்குச் சிரிப்பு தாங்கல. அப்ப சார் ஒரு போட்டோ எடுத்தாரு. பல்லெல்லாம் தெரிய நான் சிரிக்கிறேன்.

அந்தப் போட்டோவ சார் கம்பெனிக்கு அனுப்பிட்டாரு. தினமும் பத்துப் பதினஞ்சு அனுப்புவாரு, அதோட ஒண்ணா இதுவும் போயிருச்சு. வேணும்னு செஞ்சது இல்ல. மெட்ராஸ் ஆபீசுல ஒரு பொண்ணு அத எடுத்து, எங்கள் சமையல் மாஸ்டரும் மகிழ்ச்சியில்னு எழுதி, கம்பெனியோட இன்டர்நெட் பக்கத்துல போட்டிருச்சு. அங்க ரெண்டரைன்னா இங்க பதினொரு மணி. அத அப்பறம் சொல்றேன்.

சாயந்திரம் அஞ்சுக்கு ஓட்டலுக்கு வந்தோம். ஆறுக்குச் சாப்பாடு போட்டேன், சப்பாத்தி, குருமா, ரசஞ்சோறு. பாத்திரத்தக் கழுவிக் கவுத்துன பெறகு சார் வந்தாரு. பின்கட்டுல ரெண்டு நாற்காலியப் போட்டு, “மாஸ்டர், உக்காருங்க” அப்படின்னாரு. அன்னைக்கு என்னைய எல்லாரும் உக்காரு உக்காருங்கறாங்களேன்னு தோணுச்சு. என் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டாரு. “உங்க வீட்ல தவறிட்டாங்க. நெஞ்சுவலி. ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே.”

எப்ப சார்னு கேட்டேன். காலைலன்னாரு. அவருக்குக் கண்ணுல தண்ணி கொட்டுது. நான்தான் தண்ணி எடுத்துக் குடுத்தேன்.

அவ ரெண்டு மாசமாவே நெஞ்சுல எரிச்சலு எரிச்சலுன்னு சொல்லிக்கிட்டுத்தான் இருந்தா. எடது கையி வலிக்குதும்பா. நான் சமையக்காரன், எனக்கு வாயுவத் தெரியாதா? ஓமத்தண்ணி வச்சுக் குடுத்தேன். குடிச்சா கேக்குதுன்னும் சொன்னா. டாக்டரப் பாக்கணும்னு அவளும் அழுத்திச் சொல்லல தம்பி. அழுத்திச் சொல்லியிருந்தா பாத்திருப்பேன்.

போனப் போட்டுக் குடுத்தாரு. மச்சினன் ஆண்டிச்சாமி எடுத்தாப்ல. எடுத்துட்டோம் மாமா, மூணு மணிக்கே எடுத்தாச்சு, சுடுகாட்டுல இருக்கோம்னு சொல்லிட்டு வச்சிட்டாப்ல. மக சுகப்பிரியா பக்கத்துல இருக்கான்னு கேக்குறதுக்குள்ள வச்சிட்டாப்ல.

அப்பறம் நான் என்ன செய்ய? சார் டிக்கெட்டு போடவான்னு கேட்டாரு. எல்லாம் முடிஞ்ச பெறகு ஓடிப் போயி என்ன சார் செய்யப் போறேன், மூணு நாளு தான, முடிச்சிட்டே போறேன்னு சொன்னேன். நானாத்தான் சொன்னேன். அவரு கட்டாயப்படுத்தல. நாளைக்குப் பொங்கலுக்கு அரிசி பருப்ப அளந்து வச்சுட்டுப் படுத்தேன். மறுநாளு பொங்கலுக்கு உப்பு சரியா இருக்குன்னு டீச்சரம்மாவே சொன்னாங்க. அழுக வரல. வரும்னு பாத்தேன். இப்ப வரைக்கும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.

கடைசி நாளு ஏர்ப்போர்ட்ல டீச்சரம்மா என்னைய ஓரமாக் கூப்பிட்டாங்க. எல்லாருக்கும் காலைலயே தெரியும் மாஸ்டர்னு சொன்னாங்க. சார் பஸ்ல வச்சு கேட்டிருக்காரு, இப்ப சொல்றதா சாயந்திரம் சொல்றதான்னு. மத்தியானம் ஒரு ஃப்ளைட்டு இருந்திருக்கு. ஏத்திவிட்டிருந்தா மறுநாளு விடியுறதுக்குள்ள வீட்டுக்கு வந்திருப்பேனாம். ஐஸ் பெட்டியில வச்சு ஒரு நாளு காத்திருப்பாங்கதான். இப்பவே சொல்லணும்னு டீச்சரம்மா சொல்லியிருக்காங்க. மத்தவங்க, பாவம் அந்த மனுசன், இன்னைக்கு ஒரு நாளாவது சந்தோசமா இருக்கட்டும்னு சொல்லியிருக்காங்க. நான் இன்னும் ரெண்டு தடவ சொல்லியிருக்கணும் மாஸ்டர், ஒரு தடவையோட உக்காந்துட்டேன்னாங்க. விடுங்கம்மா, நல்லதுக்குத்தான செஞ்சீங்கன்னு நான் ஆறுதல் சொல்லி அனுப்புனேன். நல்லவங்கதான் தம்பி எல்லாரும். மத்த டூர்ல என் மூஞ்சியக்கூட யாரும் பாத்தது இல்ல.

ஊருக்கு வந்தேன். தெருவுல பந்தல் பிரிச்ச குழி அப்படியே இருந்துச்சு. ஆண்டிச்சாமி வாசல்ல உக்காந்திருந்தவரு எந்திரிச்சுப் போயிட்டாப்ல. இன்னைக்கு வரைக்கும் என்கூடப் பேச்சு கெடையாது. அவரு கோவம் எனக்குப் புரியல. தெரியாமச் சிரிக்கிறது ஒரு குத்தமா?

சுகப்பிரியா உள்ள இருந்தா. பி.காம் ரெண்டாம் வருசம். அழுகல. என் பையை வாங்கி வச்சா, தண்ணி குடுத்தா. சொந்தக்காரங்க ஏழெட்டுப் பேரு சுத்தி இருந்தாங்க. அப்பதான் கேட்டா.

“அப்பா, உங்களுக்குக் காலைலயே சொல்லிட்டாங்கதான?”

அவ அன்னைக்கு ஏழு மணிக்கு, இங்க ஏழு மணி, சார் நம்பருக்கு அடிச்சிருக்கா. அப்பாகிட்ட குடுங்கன்னு கேட்டிருக்கா. அதுக்கு சார், சொல்லிட்டேம்மா, அழுதுக்கிட்டே இருக்காரு, பேசுற நெலமையில இல்ல, இன்னைக்கு ஃப்ளைட்டும் இல்லன்னு சொல்லியிருக்காரு. அவ அத நம்பிட்டா. நம்பிட்டு அம்மா பக்கத்துல உக்காந்திருந்திருக்கா. பதினொரு மணிக்கு அவகூடப் படிக்கிற புள்ள ஒண்ணு அந்தப் போட்டோவக் கொண்டாந்து காட்டியிருக்கு.

இதெல்லாம் எனக்கு அப்பத் தெரியாது, பின்னாடி ஒவ்வொண்ணாத் தெரிஞ்சுக்கிட்டது. அவ கேட்ட ஒடனே எனக்கு என்ன தோணுச்சுன்னா, இல்லன்னு சொன்னா சார் பொய் சொன்னாருன்னு ஆயிரும். அத்தன பேரு இருக்காங்க. ஆண்டிச்சாமி கோவக்காரரு, மெட்ராசுக்கே போயி சண்ட புடிப்பாப்ல. சார் என் கையப் புடிச்சு அழுத மனுசன். வாயில ஆமான்னு வந்துருச்சு.

“ஆமாம்மா. காலைலயே சொன்னாங்க.”

அவ என்னையப் பாத்தா. பாத்துட்டு, “சரிப்பா” அப்படின்னா. அம்புட்டுத்தான். அதுக்கு மேல ஒரு வார்த்த கேக்கல. போட்டோவப் பத்திக் கேக்கவே இல்ல. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன். இப்பவும் ஒரு நாளு கேட்டாச் சொல்லிருவேன்.

பேசாம எல்லாம் இல்ல தம்பி. சாப்டீங்களாம்பா. துணி தொவைக்கணுமாம்பா. காலேஜ் போயிட்டு வர்றேன்னு சொல்லிட்டுத்தான் போவா. அவ அம்மா மாதிரியே புளிக்காய்ச்சல் போடச் சொல்லிக் குடுக்குறேன்னு சொன்னேன், வேணாம்னுட்டா. கடையில வாங்கிட்டேன் இந்தத் தடவ.

இன்னைக்குக் காலைல கெளம்பும்போது ஒரு பேப்பருல சார் நம்பர எழுதி நீட்டுனேன். பழைய நம்பரு மாத்திட்டாரு, இது புதுசு, அவசரம்னா இதுல அடின்னு. அவ கோலமாவு கையோட நின்னா. வாங்கிக்கல.

“வேணாம்ப்பா. இங்க எதுன்னாலும் நாங்களே பாத்துக்குவோம். நீங்க நல்லபடியாப் போயிட்டு வாங்க.”

பொறுப்பான புள்ள தம்பி. அந்த வயசுல எனக்கு அம்புட்டுப் பொறுப்பு கெடையாது.